சுகாதாரக் காப்புறுதியும் வரிச்சுமையும்: சஸ்கச்சுவான் மாகாண அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

2014 ஆம் ஆண்டு டிசெம்பர் 17 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மொன்ற் என்னும் சிறு மாநிலத்தின் ஆளுநர் பீற்றர் சும்லின், தாம் முன்னின்று வளர்த்த திட்டமொன்றைக் கைவிடுவதாக அறிவித்தார். மாநிலத்து மக்கள் அனைவருக்கும் அரச நிதியமொன்றே சுகாதாரக் காப்புறுதி வழங்குவது அத்திட்டம். 2011 மே மாதத்தில் அவரே கையொப்பமிட்ட சட்டம் அதற்கு வழிவகுத்திருந்தது. கைவிட்டமைக்கு அவர் காட்டிய காரணம் மருத்துவத்தின் தரமன்று, வைத்தியர்களின் எதிர்ப்புமன்று, வரியே. வேலைகொள்வோர் தாம் வழங்கும் சம்பளத்தின் மீது நூற்றுக்கு 11.5 வீதமும், குடும்பங்கள் தத்தம் வருமானத்துக்கேற்ப நூற்றுக்கு 9.5 வீதம் வரையும் செலுத்த வேண்டியிருக்கும் எனக் கணிக்கப்பட்டது. ஆண்டொன்றுக்குத் திரட்டவேண்டிய தொகை ஏறத்தாழ 250 கோடி டொலர். அம்மாநிலம் அவ்வேளையில் எல்லா வரிகளாலும் பெற்றுவந்த வருவாய்க்கு அது ஏறக்குறைய ஈடாகும்.

இதற்கு 52 ஆண்டுகள் முன்னர், 1962 யூலை 1 ஆம் நாள், கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணம் இத்தகைய திட்டமொன்றைத் தொடக்கியது. அதற்காக வருமானவரியை உயர்த்தியது, விற்பனை வரியை உயர்த்தியது, தலைக்கட்டணமும் விதித்தது. கோதுமை விளைச்சலையும் அதன் உலகவிலையையும் நம்பி வாழ்ந்த, ஏறத்தாழ ஒன்பதேகால் இலட்சம் மக்களைக் கொண்ட மாகாணம் அது. வெர்மொன்றிலும் பெருஞ்செல்வம் படைத்ததென்று எவரும் கூறார். அங்கே வரி தாங்கப்பட்டது. இங்கே வரியின் கணக்கைக் கண்ட மாத்திரத்திலேயே திட்டம் மாய்ந்தது. இவ்வேறுபாட்டின் காரணம் வரியின் அளவிலே மட்டும் உள்ளதா, அன்றி வரி வந்த வழியிலும் உள்ளதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். எமது நாட்டு அரசினர் வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்பவர் காப்புறுதி பற்றிச் சிந்திப்பதில்லை. வைத்தியசாலையும் அரசினுடையது, வைத்தியரும் அரச ஊழியர், செலவைத் திறைசேரி ஏற்கிறது. 1948 இல் பிரித்தானியா நிறுவிய தேசிய சுகாதார சேவையும் பெரும்பாலும் இவ்வகையினதே. சஸ்கச்சுவானில் உருவானது வேறு. அங்கே வைத்தியர் தனித்தொழிலராகவே இருந்தார்; வைத்தியசாலைகள் உள்ளூராட்சிகளிடமும் சமய நிறுவனங்களிடமுமே இருந்தன. மாறியது ஒன்றே: பற்றுச்சீட்டு நோயாளியிடம் செல்லாது பொது நிதியமொன்றுக்குச் சென்றது. பணம் கொடுப்பவர் ஒருவரேயாதலால் இதனைத் தனிச்செலுத்துநர் முறை என்பர். இம்முறையில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவு கூடவேண்டுமென்ற நியதி இல்லை. மக்கள் வைத்தியருக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் நேரே கொடுத்துவந்த பணம் வரி என்ற பெயரைப் பெறுகிறது. பெயர் மாற்றந்தானே என்று பொருளியல் மாணவர் இலகுவில் கூறிவிடலாம். வாக்காளர் அவ்வாறு கருதுவதில்லை என்பதற்கே பின்வரும் வரலாறு சான்று.

சஸ்கச்சுவானின் கதை 1962 இல் தொடங்குவதன்று. ரெயில் பாதையிலிருந்து பல மைல் தொலைவில் சிதறிக்கிடந்த கமங்களுக்கு வைத்தியர் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில், சார்னியா என்னும் கிராமச்சபை, தன் ஊரைவிட்டுப் போகவிருந்த வைத்தியரை நிறுத்திவைக்கும் பொருட்டு ஆண்டுக்கு 1,500 டொலர் சபைப்பணத்திலிருந்து கொடுக்க முன்வந்தது. முதலாம் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. அதற்குச் சட்டத்தில் இடமிருந்ததா என்று சபையினர் பெரிதும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. 1916 இல் மாகாண சட்டசபை, நிலவரியிலிருந்து வைத்தியருக்குச் சம்பளம் வழங்கக் கிராமச்சபைகளுக்கு அதிகாரமளித்துச் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டில் அயற்சபைகள் பல ஒன்றுகூடித் தம்முள் வரி விதித்து வைத்தியசாலை கட்டவும் வழிசெய்யப்பட்டது. ஆகவே, மருத்துவத்துக்காக வரிகொடுத்தல் என்பது எந்தக் கட்சியின் கொள்கையாகவும் அங்கு அறிமுகமாகவில்லை. வீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுப்பதுபோல வைத்தியருக்கும் நிலவரியிலிருந்து கொடுக்கும் வழக்கமாகவே அது வேரூன்றியது. சமவுடைமைவாதிகளின் சூழ்ச்சியே இத்திட்டம் எனப் பிற்காலத்தில் தூற்றியோர் இத்தொடக்கத்தை மறந்துவிட்டனர்.

1930 களின் பெருமந்தமும் வரட்சியும் இவ்வழக்கத்தை மேலும் உறுதிப்படுத்தின. 1937 ஆம் ஆண்டளவில் மாகாணத்தின் கிராமப்புற மக்களில் மூன்றில் இரு பங்கினர் நிவாரணத்தில் தங்கியிருந்தனர். நோயாளியிடம் பணம் இல்லை. ஆதலால் வைத்தியரிடமும் இல்லை. அறவிட முடியாத கட்டணங்களைக் கணக்கேட்டில் எழுதிவைப்பதிலும், கிராமச்சபை தரும் சிறு சம்பளம் மேலானது என்று வைத்தியர்கள் உணர்ந்தனர். 1943 இல் கனடிய மருத்துவச் சங்கமே சுகாதாரக் காப்புறுதிக் கோட்பாட்டை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. பின்னர் நல்ல காலம் திரும்பி, நோயாளிகளிடம் பணம் புழங்கத் தொடங்கியதும், 1949 அளவில் அச்சங்கம் தன்விருப்பக் காப்புறுதியின் பக்கம் சாய்ந்தது. கொள்கைகள் பொருளாதாரச் சூழலின் நிழலாய் அசைவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

1944 யூன் மாதத் தேர்தலில் கூட்டுறவுப் பொதுநலவாயச் சம்மேளனம் என்னும் கட்சி பெருவெற்றி பெற்று ஆட்சியமைத்தது. மாகாண முதல்வரான ரொமி டக்ளஸ் சுகாதார அமைச்சையும் தாமே வைத்துக்கொண்டார். சிறுவயதில் அவருக்குக் காலெலும்பில் நோய் ஏற்பட்டது. குடும்பத்திடம் பணமின்மையால் காலை இழக்கும் நிலையிலிருந்தவரை, வினிப்பெக் நகர வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், தம் மாணவருக்குக் கற்பிப்பதற்கேற்ற நோயாளி எனக் கருதி, இலவசமாகக் குணப்படுத்தினார். இந்நிகழ்ச்சியை டக்ளஸ் பிற்காலத்தில் மேடைதோறும் கூறுவார். இது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்கு உவப்பான செய்தியே. எனினும், திட்டத்தின் வெற்றியை அக்காலின் கதையால் விளக்குவோர் திறைசேரிப் பக்கத்தைக் காணத் தவறிவிடுகின்றனர். நிதி அமைச்சர் கிளாறன்ஸ் பைன்ஸ் மிகையான வரவு செலவுத் திட்டங்களையே தொடர்ந்து சமர்ப்பித்து, மாகாணத்தின் கடனைக் குறைப்பதில் பிடிவாதமாக நின்றவர். பணம் கையிலில்லாமல் எந்தத் திட்டமும் தொடங்கலாகாது என்பது அவ்வரசாங்கத்தின் எழுதா விதி. ஆகவேதான் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி சிகரிஸ்ற் 1944 இலேயே மாகாணத்தைச் சுற்றிப்பார்த்து அறிக்கை சமர்ப்பித்திருந்தும், முழுத்திட்டம் வர 18 ஆண்டுகள் சென்றன.

அவ்விடைக்காலத்தில் வரி எவ்வாறு படிப்படியாக நுழைந்தது என்பதே கவனிக்கற்பாலது. 1946 யூலையில் சுவிப்ற் கறன்ற் என்ற தென்மேற்குப் பிரதேசத்தில் மட்டும், வைத்தியசேவையையும் வைத்தியசாலைச் சேவையையும் ஒருங்கே வழங்கும் திட்டமொன்று தொடங்கிற்று. அதற்கு வேண்டிய பணத்தில் ஒரு பங்கு தலைவரியாகவும் ஒரு பங்கு நிலவரியாகவும் திரட்டப்பட்டது. ஏறத்தாழ ஐம்பதினாயிரம் மக்களை உள்ளடக்கிய இப்பிரதேசம் ஒரு பரிசோதனைக்களமாயிற்று. 1947 யனவரி 1 ஆம் நாள், மாகாணம் முழுவதற்குமான வைத்தியசாலைக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. வட அமெரிக்காவில் எல்லோரையும் கட்டாயமாக உள்ளடக்கிய முதலாவது வைத்தியசாலைக் காப்புறுதி இதுவே. அதற்கு விதிக்கப்பட்ட வரி ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 5 டொலர். குடும்பமொன்றுக்கு உச்சத்தொகை 30 டொலர். அதனை வசூலித்தவை முன்னர் கூறிய அதே உள்ளூராட்சிச் சபைகள். வரிகொடுத்தவர் வைத்தியசாலைச் சேவைக்கான அட்டையைப் பெற்றார்.

தலைவரி நீதியானதன்று என்பதை எவரும் அறிவர். நூறு ஏக்கர் கமக்காரரும் ஆயிரம் ஏக்கர் கமக்காரரும் ஒரே தொகையைச் செலுத்தினர். சமவுடைமை பேசிய கட்சி, வரிகளுள் மிகப் பிற்போக்கானதெனப் பொருளியல் நூல்கள் கூறும் வரியைக் கையாண்டது முரண்பாடன்றோ எனக் கேட்கலாம். முரண்பாடே. ஆனால், அரசியல் நோக்கில் அதற்கு ஒரு வலு இருந்தது. கொடுத்த பணமும் பெற்ற அட்டையும் ஒரே கையில் இருந்தன. இன்னதற்கு இவ்வளவு என்று குடும்பத்தலைவர் அறிந்திருந்தார். அத்தொகையை முந்திய ஆண்டு வைத்தியசாலைக்குத் தாம் கட்டிய பணத்தோடு அவரால் ஒப்பிட முடிந்தது. ஒரு பிள்ளையின் குடல்வால் சத்திரசிகிச்சைக்கே அதனினும் கூடிய செலவாகும் என்பதை அறிய அவருக்குப் பொருளியல் அறிவு தேவைப்படவில்லை.

முதலாண்டின் செலவு எதிர்பார்த்ததை விஞ்சியது. படுக்கை வேண்டியும் வாராதிருந்தவர்கள் வரத் தொடங்கினர். எந்த நாட்டிலும் இத்தகைய திட்டத்தின் முதலாண்டு இவ்வாறே அமையும். இதனை வீண்செலவு என எதிர்ப்பாளர் கூறுவதும், தேங்கிய தேவை என ஆதரவாளர் கூறுவதும் வழக்கம். தலைவரி உயர்த்தப்பட்டது. ஆனால், அதனை ஓரளவுக்கு மேல் உயர்த்தினால் வறியவர் தாங்கார் என்பதை அரசாங்கம் உணர்ந்தது. எனவே 1950 இல், கல்விக்காக அறவிடப்பட்டுவந்த 2 வீத விற்பனை வரி 3 வீதமாக்கப்பட்டு, அவ்வரியின் பெயரிலும் வைத்தியசாலை சேர்க்கப்பட்டது. பொதுவரியொன்றை அதன் நோக்கத்தாற் பெயரிட்டழைத்தல் நிதிநிருவாகத்தில் தூய முறையன்று எனத் திறைசேரி அதிகாரிகள் கூறுவர். கடையில் ஒரு சதம் கூடக் கொடுத்த வீட்டுப்பெண்ணுக்கு அந்தப் பெயர் போதிய விளக்கமாக இருந்தது.

இனி, மத்திய அரசின் பங்கு. 1945 இல் ஒட்டாவாவில் கூடிய மத்திய, மாகாண மாநாட்டில், சுகாதாரக் காப்புறுதிச் செலவின் பெரும்பங்கைத் தான் ஏற்பதாக மத்திய அரசு முன்மொழிந்தது. அதற்கு ஈடாக மாகாணங்கள் வருமானவரி முதலிய நேர்வரிகளைத் தன்னிடம் விட்டுக்கொடுக்க வேண்டுமெனவும் கேட்டது. செல்வம் மிக்க ஒன்ராறியோவும் கியூபெக்கும் இசையவில்லை. 1946 இல் மாநாடு குலைந்தது. நாடளாவிய சுகாதாரக் காப்புறுதி ஒரு தலைமுறைக் காலம் பிற்போடப்பட்டமைக்கு வைத்தியரோ கம்பனிகளோ காரணரல்லர். வரி விதிக்கும் உரிமை யாருக்கு என்ற பிணக்கே காரணம். பின்னர் 1957 இல் மத்திய பாராளுமன்றம் வைத்தியசாலைக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றி, மாகாணங்களின் செலவில் ஏறத்தாழ அரைப்பங்கைத் தருவதாக ஏற்றது. 1958 யூலையில் பணம் வரத்தொடங்கியது. பதினோராண்டுகள் தனியே சுமந்த பாரத்தின் பாதி சஸ்கச்சுவானின் தோளிலிருந்து இறங்கியது. அவ்வாறு விடுபட்ட பணமே அடுத்த படிக்கு மூலதனமாயிற்று. 1959 டிசெம்பரில் டக்ளஸ் வானொலியில் வைத்தியசேவைக் காப்புறுதித் திட்டத்தை அறிவித்தமை தற்செயலன்று.

1960 யூன் மாதத் தேர்தலில் வைத்தியர் சங்கம் நேரடியாகவே அரசாங்கத்துக்கெதிராகப் பிரசாரம் செய்தது. ஆளுங்கட்சி ஏறத்தாழ 41 வீத வாக்குகளோடு வென்றது. சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தின் முன்னைநாள் தலைவரான தொம்சனின் தலைமையில் அமைந்த குழு திட்டத்தை ஆராய்ந்தது. 1961 நவம்பரில் சட்டம் நிறைவேறியது. அதே மாதத்தில் டக்ளஸ் மத்திய அரசியலுக்குச் செல்ல, ஓராண்டுக்கு மேலாக நிதி அமைச்சராயிருந்த வூட்றோ லொயிட் முதல்வரானார்.

சட்டத்தின் நிதி ஒழுங்கு இவ்வாறிருந்தது: ஆண்டுக் கட்டணம் தனியொருவருக்கு 12 டொலர், குடும்பத்துக்கு 24 டொலர். விற்பனை வரி 3 வீதத்திலிருந்து 5 வீதமாக உயர்ந்தது. தனியாள் வருமானவரியில் மத்திய அடிப்படை வரியின் 6 வீதத்துக்குச் சமமான மேலதிகமும், கம்பனிகளின் வருமானத்தின் மீது 1 வீதமும் சேர்ந்தன. நிலவரியில் தொடங்கிய வழி தலைவரிக்கும், அதிலிருந்து விற்பனை வரிக்கும், ஈற்றில் வருமானவரிக்கும் சென்றது. தலைவரிக்குப் பின் வந்த ஒவ்வொரு படியும் முந்தியதைவிடக் கொடுக்கத்தக்கவரை நோக்கிச் சற்றே சாய்ந்தது. இவ்வொழுங்கைத் திட்டமிட்ட ஞானம் என்று புகழ நாம் முற்படவில்லை. வறிய மாகாணமொன்று கையில் அகப்பட்ட வரியைப் பயன்படுத்தியதன் விளைவே இது. ஆயினும் விளைவு, பெருந்தொகையை ஒரே நாளில் ஒரே வரியால் வாங்காமையாக அமைந்தது.

விற்பனை வரியின் உயர்வு 1962 யனவரி 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சேவையோ ஏப்பிரலுக்கெனக் குறிக்கப்பட்டுப் பின் யூலைக்குத் தள்ளிப்போயிற்று. ஆறு மாதம் மக்கள் பணம் கொடுத்தனர், பெற்றது ஒன்றுமில்லை. அரசாங்கத்துக்கு இது பெருந்தீங்காய் முடியும் என்றே எவரும் கருதுவர். யூலை 1 ஆம் நாள் வைத்தியர்களுட் பெரும்பாலானோர் தம் மருந்தகங்களைப் பூட்டினர். 23 நாள் நீடித்த அவ்வேலைநிறுத்தம் வட அமெரிக்க மருத்துவ வரலாற்றில் புதுமையானது. வைத்தியரைக் காக்கும் குழுக்கள் எனத் தம்மை அழைத்துக்கொண்டோர் ஊர்தோறும் கூட்டம் கூட்டினர். யூலை 11 ஆம் நாள் றெஜைனாவில் சட்டசபை முன்றிலில் பல்லாயிரவர் திரள்வர் என எதிர்பார்க்கப்பட்டது. வந்தோர் நாலைந்து ஆயிரத்தினரே. பிரித்தானியாவிலிருந்து வைத்தியர்கள் வரவழைக்கப்பட்டனர். யூலை 23 இல், பிரித்தானிய வைத்தியரும் பிரபுக்கள் சபை உறுப்பினருமான ரெயிலர் பிரபுவின் நடுநிலையால் சஸ்கற்றூனில் உடன்படிக்கை எழுதப்பட்டது.

அவ்வுடன்படிக்கையில் வைத்தியர் பெற்ற சலுகைகள் பல. திட்டத்துக்கு வெளியே நின்று தொழில்புரியும் உரிமையும், தம் சங்கங்கள் நடத்திய காப்புறுதி நிறுவனங்களினூடாகப் பணம் பெறும் உரிமையும் அவற்றுட் சில. ஆனால், வரியில் ஒரு சதமேனும் மாறவில்லை. போராட்டத்தின் கூச்சலில் வைத்தியரின் சுதந்திரம் பற்றியே பெரும்பேச்சு எழுந்தது. வரிச்சுமை பற்றிய பேச்சு பின்னணியிலே நின்றது. மக்கள் ஏற்கெனவே பணத்தைக் கொடுத்துவிட்டமை அரசாங்கத்துக்குப் பாதகமாகாமல், எதிர்பாராத வகையில் சாதகமாயிற்று என்பது எமது கருத்து. ஆறு மாதமாக வரி செலுத்தியவர் கேட்டது தம் வரியைத் திருப்பித்தருமாறன்று, வைத்தியரைத் திருப்பித்தருமாறே.

இதற்கு மறுப்பாக ஒரு செய்தியைக் காட்டலாம். 1964 ஏப்பிரல் தேர்தலில் லொயிட்டின் அரசாங்கம் தோற்றது. வரிச்சுமையே தோல்விக்குக் காரணமென அக்காலத்தில் எழுதியோர் உளர். ஆனால், வாக்குத்தொகையைப் பார்க்குமிடத்து இக்கூற்று வலுவிழக்கிறது. ஆளுங்கட்சி 1960 இல் பெற்றது நூற்றுக்கு 40.8, 1964 இல் பெற்றது 40.3. அதன் ஆதரவாளர் அதனைவிட்டு அகன்றனர் எனக் கூறவியலாது. முன்னர் மூன்றாகச் சிதறிய எதிர்வாக்குகளில் சோஷல் கிறெடிற் கட்சியின் பங்கு ஏறத்தாழ முற்றாக மறைந்து, லிபரல் கட்சி 40.4 வீதத்தை எட்டியது. நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்த வேறுபாட்டில் ஆட்சி மாறிற்று. அவ்வாறு ஆட்சியேறிய றொஸ் தட்சர் தனியார் முயற்சியின் தீவிர ஆதரவாளர். அவரும் திட்டத்தை ஒழிக்கவில்லை. அதற்கான வரியையும் நீக்கவில்லை.

தட்சர் செய்தது வேறொன்று. 1968 இல் வைத்தியரைக் காணச் செல்லும் ஒவ்வொரு முறைக்கும் 1.50 டொலரும், வைத்தியசாலைப் படுக்கைக்கு நாளொன்றுக்கு 2.50 டொலரும் நோயாளியே செலுத்தவேண்டுமென விதித்தார். வீணாக வைத்தியரை நாடுவோரைத் தடுத்து வரிப்பணத்தை மீதப்படுத்துதல் அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. பின்னர் பொருளியலாளர் பெக் செய்த ஆய்வில், வைத்தியசேவைப் பயன்பாடு மொத்தத்தில் 6 முதல் 7 வீதம் வரையே குறைந்ததாகவும், வறியவரிடையே அது ஏறத்தாழ 18 வீதம் குறைந்ததாகவும் தெரியவந்தது. வரியைக் குறைப்பதற்குச் செய்த முயற்சி, சுமையை வரிகொடுப்போரிடமிருந்து நோயுற்ற வறியவருக்கு மாற்றியது என்பதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 1971 இல் ஆட்சிக்கு வந்த அலன் பிளேக்னியின் அரசாங்கம் அக்கட்டணங்களை நீக்கியது. 1974 இல் ஆண்டுக் கட்டணமும் நீக்கப்பட்டு, முழுச்செலவும் பொதுவரியின் மீது சென்றது.

மாகாணத் திட்டம் நாட்டுத் திட்டமாக மாறிய விதத்தில் வரியின் விளையாட்டு இன்னும் சுவையானது. சஸ்கச்சுவானைச் சேர்ந்த நீதியரசர் எமெற் ஹோல் தலைமையிலான ஆணைக்குழு 1964 இல், எல்லா மாகாணங்களும் அம்முறையைப் பின்பற்றவேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1966 இல் மத்திய சட்டம் நிறைவேறியது; நிதிநெருக்கடி காரணமாக ஓராண்டு பிற்போடப்பட்டு 1968 யூலையில் நடைமுறைக்கு வந்தது. நிபந்தனைகளுக்கமைந்த திட்டத்தை நடத்தும் மாகாணங்களுக்கு, தேசிய சராசரிச் செலவின் அரைப்பங்கு கிடைக்கும். முதல்நாளில் இணைந்தவை சஸ்கச்சுவானும் பிரித்தானிய கொலம்பியாவுமே. ஒன்ராறியோவின் முதல்வர் ஜோன் றொபாட்ஸ் கடுமையாக எதிர்த்தார். அவரது மாகாணத்தில் கம்பனிக் காப்புறுதி பரவலாயிருந்தது. புதிய வரிச்சுமை எதற்கென அவர் கேட்டார்.

1968 ஒக்தோபரில் மத்திய நிதி அமைச்சர் எட்கார் பென்சன் சமூக அபிவிருத்தி வரி என்ற பெயரில் புதிய வரியொன்றை அறிவித்தார். வரிக்குரிய வருமானத்தில் 2 வீதம். உச்சத்தொகை ஆண்டுக்கு 120 டொலர். அதனைக் கனடா முழுவதும் செலுத்தவேண்டும். ஆனால், மருத்துவத் திட்டத்துக்கான மத்திய நிதி திட்டத்தில் இணைந்த மாகாணங்களுக்கே செல்லும். ஒன்ராறியோ மக்கள் தாம் செலுத்தும் வரியால் மேற்கிலுள்ள அயலவர் வைத்தியம் பெறுவதைக் கண்டனர். வரிச்சுமைக்கு அஞ்சித் திட்டத்தை மறுத்த மாகாணம், அதே வரிச்சுமையாலேயே திட்டத்துள் தள்ளப்பட்டது. 1969 ஒக்தோபர் 1 ஆம் நாள் ஒன்ராறியோ இணைந்தது. 1971 யனவரிக்குள் பத்து மாகாணங்களும் இணைந்துவிட்டன.

அந்த 1971 அளவில் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் தத்தம் தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 7 வீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிட்டன. 2019 இல் அமெரிக்காவின் செலவு 17 வீதத்தைத் தாண்டியிருக்க, கனடாவினது 11 வீதத்தின் அயலில் நின்றது. கனடிய முறையிற் குறைகள் இல்லையென்பதல்ல. சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டது. பல்வைத்தியமும் வீட்டில் உட்கொள்ளும் மருந்தும் நெடுங்காலம் திட்டத்துக்குப் புறம்பாகவே இருந்தன. எனினும், அரசு ஏற்றால் செலவு கட்டுக்கடங்காது பெருகும் என்ற எச்சரிக்கையை இவ்விரு எண்களோடு பொருத்திப்பார்த்தல் தகும்.

இவ்வனுபவத்தோடு வெர்மொன்றுக்குத் திரும்புவோம். 1911 இல் ஒருவர் சஸ்கச்சுவானில் நோயுற்றால் வைத்தியருக்குத் தம் கையாலே பணம் கொடுத்தார். 2011 இல் வெர்மொன்றில் தொழில்புரிந்தவருள் பெரும்பாலார் காப்புறுதிக் கட்டுப்பணத்தின் பெரும்பகுதியைக் கண்ணாற் கண்டதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு சம்பளவுயர்வுகளைக் கட்டுப்படுத்தியபோது, தொழிலாளரைக் கவரவிரும்பிய கம்பனிகள் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்புறுதி வழங்கின. அவ்வாறு வழங்குவது தொழிலாளரின் வருமானமாகக் கணிக்கப்பட்டு வரிக்குட்படாது என்பதை 1954 ஆம் ஆண்டு வரிச்சட்டம் உறுதிப்படுத்தியது. அதன் பின்னர் கட்டுப்பணம் சம்பளத்தினுள்ளே மறைந்து வளர்ந்தது. தொழிலாளர் அதனைத் தம் முதலாளி கொடுப்பதாகவே எண்ணினார். அது தம் சம்பளத்திலிருந்தே செல்கிறதெனப் பொருளியலாளர் கூறியும் அவர் நம்பியதற்குச் சான்றில்லை. இம்மறைவான கொடுப்பனவை அகற்றி, அதனிடத்தில் வெளிப்படையான 11.5 வீத வரியை வைக்கும்போது, அகன்றது கண்ணுக்குத் தெரியாது. வந்தது மட்டுமே தெரியும்.

வெர்மொன்றுக்கு வேறு இடர்களும் இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையன்று. காப்புறுதியே வழங்காதிருந்த சிறுகடைகளுக்கு அவ்வரி முற்றிலும் புதிய சுமை. அவற்றுக்குச் சலுகை காட்டினால் ஏனையோரின் வரி இன்னும் உயரும். ஹாவார்ட் பேராசிரியர் வில்லியம் சியாவ் 2011 இல் சமர்ப்பித்த அறிக்கை எதிர்பார்த்த சேமிப்பைப் பின்னைய கணிப்புகள் காட்டவில்லை. மத்திய அரசிடமிருந்து எதிர்பார்த்த பணமும் குறைந்தது. நிதி ஒழுங்கை 2013 யனவரியில் சட்டசபைக்குச் சமர்ப்பிக்கவேண்டுமெனச் சட்டமே விதித்திருந்தும், ஆளுநர் இரண்டாண்டுகள் அதனைத் தாமதித்தார். இத்தாமதமே எமக்குப் பெரும்பிழையாகத் தோன்றுகிறது. சஸ்கச்சுவான் மக்கள் சேவைக்கு முன்னரே வரியை அறிந்தனர். வெர்மொன்ற் மக்கள் நான்காண்டுகள் சேவையின் பெயரைக் கேட்டபின் ஒரே நாளில் வரியின் முழுத்தொகையையும் கேட்டனர். 1958 இல் சஸ்கச்சுவானுக்குக் கிடைத்ததுபோன்ற மத்திய அரசின் அரைப்பங்கும் அவர்களுக்கு இல்லை. 1947 இன் 5 டொலர் போன்ற முதற்படியும் இல்லை.

2016 நவம்பரில் மேற்கிலுள்ள கொலராடோ மாநிலத்தில் இத்தகைய திட்டமொன்று மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. சம்பளத்தில் 10 வீத வரி. அதில் மூன்றில் இரு பங்கை வேலைகொள்வோரும் ஒரு பங்கைத் தொழிலாளரும் செலுத்துவர். அம்மாநிலத்தின் அரசியலமைப்பில் 1992 இல் சேர்க்கப்பட்ட திருத்தமொன்றின்படி, வரி கூட்டும் எந்தப் பிரேரணையும் கூட்டப்படும் தொகையைத் தன் முதல் வாசகத்திலேயே கூறவேண்டும். ஆகவே வாக்குச்சீட்டைக் கையிலெடுத்தவர் முதலிற் படித்தது, மாநில வரிகளை ஆண்டுக்கு 2,500 கோடி டொலராற் கூட்டலாமா என்ற வினாவையே. நூற்றுக்கு 79 பேர் கூடாது என வாக்களித்தனர்.